அதே ரீபவுண்டு, வேறு முடிவு: 2024 கல்லூரிக் கூடைப்பந்து இறுதியாட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஏப்ரல் 7 அன்று கிளீவ்லாந்தில் நடந்த அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் சவுத் கரோலினா பல்கலைக்கழக அணி அயோவாவை 87-75 என்று வென்றது. ஏன் வென்றது என்று கேட்டால் பெரும்பாலானோர் சொல்வது உயரத்தையும் ரீபவுண்டையும்தான், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதை. ரீபவுண்டு 51-29 என்று இருந்ததால் அப்படிச் சொல்வதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அதற்கு ஓராண்டு முன்னால் இதே இரண்டு அணிகளும் அரையிறுதியில் மோதின. அன்றும் ரீபவுண்டில் சவுத் கரோலினாதான் முன்னிலை, 49-25. வித்தியாசம் 24, அதாவது வென்ற ஆட்டத்தை விட இரண்டு கூடுதல். அந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள். அதனால் ரீபவுண்டைக் காரணமாகச் சொல்லி இந்த வெற்றியை முடித்துவிட முடியாது. அந்த ஓராண்டில் வேறு எதுவோ மாறியிருக்கிறது. அதைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

நான் சவுத் கரோலினா ரசிகன், அந்தச் சாய்வு இதில் இருக்கும். ஆட்டக்காரர்களை ஜெர்சி எண்ணாலும் ஆடிய இடத்தாலும் குறிப்பிடுகிறேன். பெயர்கள் ஊரறிந்தவைதான், ஆனால் இந்த ஆட்டத்தில் பெயரைச் சொன்னதும் பேச்சு ஆளைப் பற்றியதாகப் போய்விடுகிறது. எடுத்த முடிவுகளைப் பற்றிப் பேச அது இடைஞ்சல்.

பின்னணி: டல்லஸ், 2023

2023 மார்ச் 31 அன்று டல்லஸில் அரையிறுதி. சவுத் கரோலினா நடப்புச் சாம்பியன். அந்தப் பருவத்தில் ஆடிய 36 ஆட்டங்களையும் வென்றிருந்தது. முந்தைய பருவத்தையும் சேர்த்தால் தொடர்ச்சியாக 42 வெற்றி. அயோவாவிடம் இருந்தது ஒரு காவல் ஆட்டக்காரர் (கார்டு, வெளியே நின்று பந்தை நடத்துபவர்), 22ஆம் எண். நடுக்கோட்டைத் தாண்டியதுமே கூடைக்குப் போடக்கூடியவர், போடுவது போல் ஏய்த்து உள்ளே பாஸ் கொடுக்கவும் தெரிந்தவர். அன்று அவர் மட்டும் 41 புள்ளி எடுத்தார். அயோவா 77-73 என்று வென்றது.

அந்த 41 எல்லாருக்கும் நினைவிருக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அயோவாவின் டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்டம். உயரத்தில் ஈடு கொடுக்க முடியாது என்று தெரிந்து, அவர்கள் ஒரு சூதாட்டம் ஆடினார்கள். வெளியே நிற்பவர்களை விட்டுவிட்டு எல்லாரும் கூடைக்கு அடியில் வந்து குவிந்தார்கள். வெளியிலிருந்து போடுகிறாயா, போட்டுக்கொள் என்பதுதான் செய்தி. அந்தச் செய்தியை 22ஆம் எண் சைகையாலேயே சொல்லிவிட்டார். மூன்று புள்ளிக் கோட்டருகே (அதற்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) சவுத் கரோலினாவின் 25ஆம் எண் பந்தோடு நின்றபோது, அவரைக் காவல் காக்க வேண்டிய 22ஆம் எண் பல அடி தள்ளி நின்றுகொண்டு, போ போ என்பது போல் கையை உதறினார். அந்தச் சில நொடி வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. அதைப் பார்த்து ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக 25ஆம் எண் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார்.

சூதாட்டம் பலித்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து சவுத் கரோலினா 20 தடவை போட்டதில் 4தான் விழுந்தது. உள்ளே ரீபவுண்டு எடுத்து எடுத்துப் போட்டும் அந்தக் குறை அடைபடவில்லை. அவர்களுடைய முதன்மை சென்டர் (கூடைக்கு அடியில் ஆடும் உயரமானவர்) முதல் கால்பகுதியிலேயே இரண்டு ஃபவுல் (விதிமீறல்) வாங்கி வெளியே உட்கார நேர்ந்ததும் சேர்ந்துகொண்டது.

இடைப்பட்ட காலம்: என்ன முடிவெடுத்தார்கள்

தோல்விக்குப் பிறகு தொடக்க ஐவரும் அணியை விட்டுப் போனார்கள். படிப்புக் காலம் முடிந்தவர்கள், தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள். அமெரிக்கக் கல்லூரி அணிகளில் இது புதிதல்ல என்றாலும் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் போவது பெரிய இடிதான். மிச்சம் இருந்தவர்கள் பெஞ்சில் இருந்தவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும். பயிற்சியாளரே அந்த அணியைக் குழந்தைகள் காப்பகம் என்று கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆள் எடுத்த விதத்தைப் பார்த்தால் டல்லஸ் பாடம் தெரிகிறது. ஓரெகனிலிருந்து ஒரு காவல் ஆட்டக்காரரை மாற்றலில் கொண்டுவந்தார்கள். தூரத்திலிருந்து போடுவதுதான் அவருடைய பலம். புதிதாகச் சேர்ந்த முதலாமாண்டு மாணவிகளில் 5ஆம் எண்ணுக்கும் அதே கைப்பதம். 12ஆம் எண் உள்ளூர்க்காரர், கொலம்பியா நகரத்துப் பெண், வேகத்தில் யாரையும் தாண்டிவிடுவார். முந்தைய ஆண்டு பெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்த 10ஆம் எண், 6 அடி 7 அங்குல சென்டர், இப்போது அணியின் மையமானார். கைவீச்சுக்கு ஆளான 25ஆம் எண்ணிடமே பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு பொறுப்பு வந்தது. அவர் கோடை முழுக்க வெளியிலிருந்து போடுவதையே பழகினார்.

உயரத்தையும் விடவில்லை, கூடவே உள்ளே வந்து குவிபவர்களுக்கு வெளியிலிருந்து தண்டனை கொடுக்கவும் ஆள் சேர்த்துக்கொண்டார்கள். இது சொல்ல எளிது. பல அணிகள் இப்படித் தோற்றதும் ஆட்டத்தின் பாணியையே மாற்றிக் குழப்பிக்கொள்ளும். இங்கே பாணி அப்படியே இருந்தது, அதில் இருந்த ஓட்டைதான் அடைபட்டது.

இன்னொரு முடிவும் உண்டு, அதை ஆரம்பத்தில் யாரும் கவனிக்கவில்லை. பருவம் முழுக்க எட்டு ஒன்பது பேரைச் சுழற்சியில் ஆடவைத்தார்கள். 2023 நவம்பரில் பாரிஸில் நோட்ர டேமை 100-71 என்று வென்று பருவத்தைத் தொடங்கிய நாளிலிருந்தே யார் வந்தாலும் வேகம் குறையாத ஆட்டம். மார்ச் மாதம் இதற்குச் சோதனை வந்தது. எஸ்.இ.சி. (தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) தொடரின் அரையிறுதியில் டென்னசியிடம் தோற்கும் நிலை. 10ஆம் எண், தன் கல்லூரி வாழ்க்கையில் அதுவரை ஒரு மூன்று புள்ளி வீச்சுகூடக் கூடையில் போடாதவர், கடைசி நொடியில் ஒன்றைப் போட்டு 74-73 என்று காப்பாற்றினார். மறுநாள் எல்.எஸ்.யூ. (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியுடனான இறுதியாட்டத்தில் ஒரு தள்ளுமுள்ளில் அவரே வெளியேற்றப்பட்டார். அதனால் தேசியத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஆட முடியாமல் போனது. அவர் இல்லாமலேயே அணி 91-39 என்று வென்றது. எதிரணி சின்ன அணிதான், அதை வைத்துப் பெரிதாகச் சொல்ல வேண்டாம். ஆனாலும் பெஞ்சின் மேல் நம்பிக்கை வைப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

கிளீவ்லாந்தில் அரையிறுதி. என்.சி. ஸ்டேட் அணியோடு இடைவேளையில் 32-31 என்று இழுபறி. மூன்றாம் கால்பகுதியில் சவுத் கரோலினா 29, எதிரணி 6. முடிவு 78-59.

மறுபக்கம்: அயோவாவின் நிலை

அயோவாவைக் குறைத்துச் சொல்லக்கூடாது. வழியில் அவர்கள் முந்தைய ஆண்டு இறுதியில் தங்களைத் தோற்கடித்த எல்.எஸ்.யூ.வை 94-87 என்று வென்று, அப்புறம் கனெக்டிகட் அணியை 71-69 என்று மயிரிழையில் தாண்டி வந்தார்கள். ஆனால் மார்ச் தொடக்கத்தில் தொடக்க ஐவரில் ஒருவருக்கு முழங்கால் அடிபட, பெஞ்சின் முதல் ஆள் தொடக்க ஐவருக்கு நகர்ந்திருந்தார். நன்றாகவே ஆடினார், இறுதியில் 12 புள்ளி எடுத்தார். அவர் மேலே போனதும் பெஞ்ச் காலியானதுதான் சிக்கல். தொடக்க ஐவரில் மிக உயரமானவர் 6 அடி 2 அங்குலம்.

முதல் பத்து நிமிடம்

ஆட்டம் தொடங்கியதும் 10-0 என்று அயோவா பறந்தது. 22ஆம் எண் முதல் கால்பகுதியில் மட்டும் 18 புள்ளி எடுத்தார். இறுதியாட்டம் ஒன்றில் ஒரே கால்பகுதியில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. கால்பகுதி முடிவில் 27-20.

இந்தப் பத்து நிமிடத்தில் சவுத் கரோலினா பக்கம் தென்பட்டதில் எனக்குப் பிடித்தது அவர்கள் பதறாததுதான். 10-0 ஆனதும் வழக்கமாக அணிகள் அவசரப்பட்டு வெளியிலிருந்து எறியத் தொடங்கும். இவர்கள் பந்தை உள்ளே கொடுத்துக் கொடுத்தே புள்ளியை ஏற்றினார்கள். அடுத்த 37 புள்ளியில் 20 அவர்களுடையது என்றால், 10-0க்குப் பிறகான கணக்கில் அவர்கள் 20-17 என்று முன்னிலை. பின்தங்கியிருக்கிறோம் என்பதை ஸ்கோர்போர்டு காட்டியது, ஆட்டத்தின் போக்கு அப்போதே மாறிவிட்டிருந்தது.

 

இரண்டாம் கால்பகுதி: ஆட்டம் திரும்பிய இடம்

இங்கே இரண்டு முடிவுகள் சேர்ந்து வேலை செய்தன.

முதலாவது, 22ஆம் எண்ணைப் பந்து கைக்கு வந்த நொடியிலிருந்தே விரட்டுவது. அந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் சுமந்தது 25ஆம் எண், டல்லஸில் கையை உதறிக் காட்டப்பட்ட அதே ஆள். மூன்று புள்ளிக் கோட்டில் காத்திருக்காமல் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே மறித்தார். ஸ்கிரீன் (காவலுக்கு வருபவரை வழிமறித்து நிற்கும் எதிரணி ஆள்) வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் வந்து நின்றார். 22ஆம் எண்ணுக்குப் பந்து கிடைக்காமல் போகவில்லை, கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் வழக்கத்தைவிட ஓர் அடி தள்ளி, ஒரு நொடி தாமதமாகப் போட வேண்டியதாயிற்று. இடைவேளைக்குச் சற்று முன் 25ஆம் எண் அவரிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, தனியாக ஓடிப் போய் லே-அப் (கூடைக்கு அருகிலிருந்து போடும் வீச்சு) போட்டார். அந்த ஓட்டத்தில் அரங்கமே எழுந்து நின்றது. புள்ளிக் கணக்கில் 25ஆம் எண்ணுக்கு அது நல்ல நாள் அல்ல, போட்டதில் பெரும்பாலானவை விழவில்லை. ஸ்கோர் அட்டையை மட்டும் பார்ப்பவருக்கு அவர் செய்தது தெரியவே தெரியாது.

இரண்டாவது, பெஞ்சை இறக்கியது. 5ஆம் எண், பதினெட்டு பத்தொன்பது வயது முதலாமாண்டு மாணவி, உள்ளே வந்து அந்த ஆட்டத்தில் மொத்தம் 19 புள்ளி எடுத்தார். அணியிலேயே அதுதான் அதிகம். 12ஆம் எண் 9 புள்ளி. அவர்கள் வந்ததும் அயோவா டல்லஸில் செய்தது போல் உள்ளே குவிய முடியவில்லை. 10ஆம் எண்ணிடம் பந்து போகும்போது இரண்டு பேர் அவரை நோக்கி வருவார்கள், பந்து வெளியே வரும், வெளியே நிற்பவர் போடுவார். உள்ளே வராமல் வெளியிலேயே நின்றால் 10ஆம் எண் கையை உயர்த்திப் பந்தை வாங்கிக் கூடையில் வைப்பார். எதைத் தடுத்தாலும் மற்றது திறந்தது.

அந்தக் கால்பகுதியில் சவுத் கரோலினா 29, அயோவா 19. இடைவேளையில் 49-46.

மூன்றாம், நான்காம் கால்பகுதி

மூன்றாம் கால்பகுதி 19-13. பெரிய அதிரடி எதுவும் இல்லை, ரீபவுண்டும் பொறுமையும்தான். 68-59.

நான்காம் கால்பகுதியில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அயோவா விடாமல் துரத்தி, நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மிச்சமிருந்தபோது 80-75 என்று நெருங்கியது. ஐந்து புள்ளி என்பது 22ஆம் எண் களத்தில் இருக்கும்போது ஒன்றுமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அயோவா ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கடைசி 7 புள்ளியும் சவுத் கரோலினாவுடையது.

ஏன் நின்றுபோனது? கால் ஓய்ந்துவிட்டது என்பதே என் கணிப்பு. பெஞ்சிலிருந்து வந்தவர்கள் எடுத்த புள்ளிக் கணக்கு சவுத் கரோலினாவுக்கு 37, அயோவாவுக்கு 0. அயோவாவின் எல்லாப் புள்ளியையும் தொடங்கிய ஐந்து பேரே எடுத்தார்கள். ஏழு நாளில் மூன்று பெரிய ஆட்டம் ஆடிய ஐந்து பேர். 22ஆம் எண் 28 தடவை போட்டு 10 தடவை கூடையில் விழவைத்து 30 புள்ளியோடு முடித்தார். முதல் கால்பகுதியில் 18, மீதி மூன்று கால்பகுதியிலும் சேர்த்து 12. தூரத்திலிருந்து போடுபவருக்குக் கால் தளர்ந்தால் பந்து கூடை வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். கடைசியில் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

டிஃபென்ஸ்தான் வெற்றி தந்தது என்பது அடுத்தபடியாகச் சொல்லப்படும் காரணம். 22ஆம் எண்ணை 41இலிருந்து 30க்கு இறக்கியது உண்மைதான். ஆனால் அணியாகப் பார்த்தால் அயோவா டல்லஸில் 77, கிளீவ்லாந்தில் 75. கிட்டத்தட்ட அதே. அவருக்குக் குறைந்த 11ஐ மற்றவர்கள் 36இலிருந்து 45க்கு ஏறி ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டார்கள்.

மாறியது சவுத் கரோலினாவின் பக்கம். 73 என்பது 87 ஆனது, 14 கூடுதல். டல்லஸில் 20க்கு 4 என்று இருந்த மூன்று புள்ளி வீச்சு இந்தத் தடவை 19க்கு 8. அதாவது வெளியிலிருந்து 12க்குப் பதில் 24 புள்ளி. கூடிய 14இல் 12 அங்கிருந்தே வந்துவிட்டது. பந்து கைக்குக் கிடைத்த தடவை இரண்டு ஆட்டத்திலும் ஒன்றாக இருந்திருக்காது, ஆகவே இது தோராயக் கணக்குதான். இருந்தாலும் கை எந்தப் பக்கம் நீட்டுகிறது என்பதில் சந்தேகமில்லை. 10ஆம் எண்ணின் 15 புள்ளி, 17 ரீபவுண்டுக்காக அவருக்குத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 21ஆம் எண்ணும் 11 புள்ளி, 10 ரீபவுண்டு என்று கூட நின்றார். ஆனால் அந்த ரீபவுண்டெல்லாம் டல்லஸிலும் இருந்தது. இல்லாமல் இருந்தது ஓரெகனிலிருந்து வந்தவரின் 14 புள்ளியும் 5ஆம் எண்ணின் 19 புள்ளியும்.

டிஃபென்ஸின் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. மொத்தக் கணக்கில் அது தெரியாது, நேரத்தில் தெரியும். முதல் பத்து நிமிடத்தில் 27 கொடுத்த அணி, அடுத்த முப்பது நிமிடத்தில் 48தான் கொடுத்தது.

பின்விளைவு

சவுத் கரோலினா 38-0 என்று பருவத்தை முடித்தது. பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் தோல்வியே இல்லாத பருவம் அது பத்தாவது. மூன்று பருவத்தைச் சேர்த்தால் 109 வெற்றி, 3 தோல்வி. பயிற்சியாளருக்கு 2017, 2022க்குப் பிறகு மூன்றாவது பட்டம். பரிசளிப்பு மேடையிலேயே அவர் 22ஆம் எண்ணுக்கு, இந்த விளையாட்டை உயர்த்தியதற்காக நன்றி சொன்னார். ஆட்டத்தைச் சராசரியாகச் சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மறுநாள் நடந்த ஆண்கள் இறுதியாட்டத்துக்கு 1 கோடியே 48 லட்சம். பெண்கள் இறுதியாட்டம் ஆண்களுடையதை முந்தியது அதுவே முதல் முறை.

ஒரு வாரம் கழித்து நடந்த தொழில்முறை அணிகளின் ஆள்தேர்வில் 22ஆம் எண் முதலாவதாகவும் 10ஆம் எண் மூன்றாவதாகவும் எடுக்கப்பட்டார்கள். அயோவாவின் பயிற்சியாளர் அடுத்த மாதம் ஓய்வை அறிவித்தார்.

சவுத் கரோலினாவின் தொடர் வெற்றி 43இல் நின்றது. 2024 நவம்பர் 24 அன்று யு.சி.எல்.ஏ. அவர்களை 77-62 என்று வென்றது. 2025 இறுதியாட்டத்தில் கனெக்டிகட் 82-59 என்று நசுக்கியது. வெளியிலிருந்து போடும் ஆட்கள் அப்போதும் பலர் இருந்தார்கள். உள்ளே இரண்டு பேரை இழுக்கும் 6 அடி 7 அங்குலம்தான் இல்லை.

மாற வேண்டியவை

அயோவா பக்கம் முதலில். முதல் கால்பகுதி முடிவில் 7 புள்ளி முன்னிலை இருந்தபோதுதான் 22ஆம் எண்ணுக்கு இரண்டு நிமிடமாவது ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். முன்னிலை கரைந்திருக்கலாம், எப்படியும் கரைந்தது. கடைசி நான்கு நிமிடத்துக்குக் கால் மிச்சம் இருந்திருக்கும். பெஞ்சிலிருந்து உயரமான ஒருவரை 10ஆம் எண்ணின் மேல் ஃபவுல் செலவழிக்கவாவது இன்னும் நேரம் ஆடவிட்டிருக்கலாம்.

சவுத் கரோலினா பக்கம், நடுக்கோட்டிலேயே மறிக்கும் திட்டத்தை முதல் நிமிடத்திலிருந்தே போட்டிருக்க வேண்டும். 10-0 வாங்கிய பிறகு திரும்பி வருவது எல்லா நாளும் நடக்காது. 5ஆம் எண்ணைத் தொடக்க ஐவரில் சேர்த்திருக்கலாமே என்று சில ரசிகர்கள் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிரணியின் கால் தளரத் தொடங்கும் நேரத்தில் புதுக் காலோடு வந்ததால்தான் அவருக்கு அந்த இடைவெளிகள் கிடைத்தன. நான்காம் கால்பகுதியில் 80-75 வரை விட்டதற்குக் காரணம் பந்தைச் சுற்றவிட்டு நேரத்தைக் கடத்த முயன்றது. 10ஆம் எண்ணுக்குப் பந்தைக் கொடுப்பது அந்தச் சில நிமிடம் குறைந்தது. முன்னிலையில் இருக்கும்போதும் அதை நிறுத்தியிருக்கக் கூடாது.